கடல் தாண்டிய கூலி

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



என் சட்டைப் பையில் இருக்கும் இந்தப் பேனாவை முதலில் பாருங்கள். பத்து ரூபாய்ப் பந்துமுனைப் பேனா. இதை ஜெர்மனியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம் காட்டி, இது என்ன என்று கேட்டால் 'கூலி' என்று பதில் வரும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அங்கே இதன் முழுப்பெயர் 'கூகல்ஷ்ரைபர்'. கூகல் என்றால் உருண்டை, ஷ்ரைபர் என்றால் எழுதுவது. அந்த நீளப் பெயர் வாயில் தேய்ந்து கூலி ஆனது என்பார்கள். அது பாதிக் கதைதான். பந்துமுனைப் பேனா கடைக்கு வருவதற்கு முன்பே, 1928இல், ஹாம்பர்க் நகரக் கம்பெனி ஒன்று 'டின்டன்கூலி' என்ற பெயரில் ஒரு மைப்பேனாவை விற்றது. நம் பாலிடெக்னிக் பிள்ளைகள் வரைபடம் போட வாங்கிய ரோட்ரிங் பேனா இருக்கிறதே, அதன் மூதாதை அது. டின்டன் என்றால் மை. மை சுமக்கிற கூலி என்று பொருள். பழைய கூலியும் புதிய சுருக்கமும் ஒன்றாகிவிட்டன. அதே நாட்டு ரயில் நிலையத்தில் பெட்டிகளை வைத்துத் தள்ளுகிற கைவண்டிக்கு 'கோஃபர்கூலி' என்று பெயர். கோஃபர் என்றால் பெட்டி. சுமந்த ஆள் போய்ச் சக்கரம் வந்துவிட்டது, பெயரை மட்டும் மாற்றவில்லை.

இந்தோனேசியாவுக்கு வாருங்கள். அங்கே 'குலி திந்தா' என்று ஒரு வழக்கு உண்டு. திந்தா என்றாலும் மைதான். மைக்கூலி. ஆனால் அது பேனா இல்லை, பத்திரிகை நிருபர்! ஜெர்மன்காரர் பேனாவுக்கு வைத்த பெயரை இந்தோனேசியர் பேனா பிடிக்கிறவருக்கு வைத்திருக்கிறார். கூட்டத்தில் இரண்டு நிருபர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன், அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அங்கே நிருபர்களே தங்களைக் கேலியாக அப்படிச் சொல்லிக்கொள்வது உண்டு. இன்னொன்று, நான் இப்போது செய்துகொண்டிருக்கும் காரியத்துக்கு அந்த மொழியில் 'குலியா' என்று பெயர். கல்லூரிச் சொற்பொழிவு என்று பொருள். அது அரபியிலிருந்து வந்த வேறு சொல். காதுக்கு ஒன்றாகத் தோன்றுவதெல்லாம் ஒரே குடும்பம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அதையும் சொன்னேன். இந்த எச்சரிக்கை நம் ஊரில் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டியிருக்கிறது. உலகத்துச் சொல்லெல்லாம் நம் கொல்லையில் முளைத்தது என்று நிரூபிக்க இரண்டு எழுத்து ஒத்துப்போனால் போதும் நமக்கு.

சரி, நம் வீட்டுக் கூலி என்ன?

நான் வளர்ந்த தெருவின் கோடியில் ஒரு ரைஸ்மில் இருந்தது. உள்ளே போனால் தவிட்டு வாசனை, பெல்ட் ஓடுகிற சத்தம். சுவரில் ஒரு தகரப் பலகை. அதில் சுண்ணாம்பு எழுத்தில் 'அரவைக்கூலி' என்று தலைப்பு, கீழே நெல்லுக்கு இவ்வளவு, மிளகாய்க்கு இவ்வளவு, சீயக்காய்க்கு இவ்வளவு. மிளகாய்க்கு அதிகம். அதை அரைத்துவிட்டு மெஷினைத் துடைக்கிறவர் தும்முகிற தும்மலுக்கும் சேர்த்து என்று எங்கள் அம்மா சொல்வார். அந்தப் பலகையில் கூலி என்பது ஒரு தொகை. அதை வாங்குகிறவர் மில்காரர், முதலாளி. கொடுக்கிறவர் நெல்மூட்டையோடு வந்த ஏழை. யாரும் அந்த மில்காரரைக் கூலி என்று சொன்னதில்லை.

நகைக்கடையில் செய்கூலி. தையற்கடையில் தையற்கூலி. லாரி ஆபீசில் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. ஊருக்குப் போனால் வண்டிக்கூலி. நம் வாயில் இந்தச் சொல் பெரும்பாலும் ஓர் உழைப்புக்கு, ஒரு சேவைக்கு உரிய மாற்று. ஆளைச் சொல்ல வேண்டுமானால் ஒட்டுப் போட வேண்டும்: கூலியாள், கூலிக்காரர், கூலித் தொழிலாளி. திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில், இந்தச் சொல் நிற்கிறது. விதி துணைக்கு வராமல் போனாலும் பாடுபட்டதற்கு உரியது வந்து சேரும் என்ற கருத்தைச் சொல்கிறார் வள்ளுவர். அந்த 'உரியது' என்ற இடத்தில் அவர் வைத்திருக்கும் சொல் கூலி. ஊதியம் என்ற சொல்லும் அவர் கையில் இருந்தது, அதை வேறு இடத்தில் பயன்படுத்தியிருக்கிறார். இங்கே கூலிதான்.

கூலம் என்றால் தானியம். மதுரைக் கூலவாணிகன் சாத்தனாரை நமக்குத் தெரியும். தானியமாக அளந்து கொடுத்ததால் கூலத்திலிருந்து கூலி பிறந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஒலியும் பொருளும் அழகாகப் பொருந்துகின்றன. அழகாகப் பொருந்துவதாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம். 'சம்பளம்' என்பதைச் சம்பா நெல்லும் அளத்து உப்பும் என்று பிரித்துக் காட்டாத தமிழாசிரியர் உண்டா? கைதட்டல் வாங்குகிற விளக்கம். ஆனால் வடமொழியில் சம்பலம் என்றால் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவு. அது இருக்கும்போது நெல்லையும் உப்பையும் தனித்தனியாக அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. கூலம்–கூலி உறவு அதைவிட நம்பத் தகுந்தது என்பேன், அதற்கு மேல் சத்தியம் செய்ய மாட்டேன்.

அக்கம்பக்கத்து மொழிகளில் கன்னடம், தெலுங்கு இரண்டிலும் கூலிதான், விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. மலையாளத்தில் நின்று பார்க்க ஒரு விஷயம் இருக்கிறது. 'நோக்குகூலி' கேள்விப்பட்டிருப்பீர்கள். நோக்குவதற்குக் கூலி. ஒருவர் வீட்டுக்கு லாரியில் சாமான் வருகிறது, வீட்டுக்காரரே ஆள் வைத்தோ இயந்திரம் வைத்தோ இறக்குகிறார். உள்ளூர் சுமைதொழிலாளர்கள் வந்து நின்று பார்க்கிறார்கள். பார்த்ததற்குக் காசு கேட்கிறார்கள். எங்கள் வேலை எங்கள் கையை விட்டுப் போனதே, அதற்கு நஷ்டஈடு என்பது அவர்கள் கட்சி. பகல் கொள்ளை என்பது வீட்டுக்காரர் கட்சி. 2018 மே 1 முதல் கேரள அரசு அதை ஒழித்ததாக அறிவித்தது. அறிவித்த தேதி தொழிலாளர் தினம்! வழக்கின் நியாயம் எப்படியோ இருக்கட்டும், மொழியைப் பாருங்கள். வேலையே இல்லாதபோதும் கூலி என்றால் 'எனக்கு உரியது' என்ற பொருளைத்தான் அந்தச் சொல் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சிங்களத்தில் 'கெவல் குலிய' என்றால் வீட்டு வாடகை. வாடகை வண்டி 'குலி ரதய'. இலங்கை முஸ்லிம்களிடம் 'கைக்கூலி' என்பது மணமகளின் வீட்டார் மணமகனுக்குக் கொடுக்கும் ரொக்கம். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண, மணநீக்கச் சட்டத்திலேயே அந்தத் தமிழ்ச் சொல் இருக்கிறது. இதே சொல்லைத் தமிழ்நாட்டு மேடையில் சொன்னால் அடுத்தவனுக்கு விலைபோனவன் என்று அர்த்தம், மாப்பிள்ளைக்குச் சொன்னால் அடிதடியாகிவிடும்.

ஆக, நம் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கூலி என்பது பெரும்பாலும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிற பொருள். அது மனிதனாக மாறியது எங்கே? இங்கேதான் அறிஞர்கள் சண்டை தொடங்குகிறது.

ஆங்கிலேயர் வாயில் புழங்கிய இந்தியச் சொற்களைத் திரட்டி 1886இல் வெளிவந்த அகராதி ஹாப்ஸன்-ஜாப்ஸன். தொகுத்தவர்கள் ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும். பர்னல் நமக்கு அந்நியர் அல்லர். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். அகராதி அச்சாகி வருவதைப் பார்க்க அவருக்கு ஆயுள் இல்லை. தஞ்சாவூரில் இருந்தவருக்குக் கூலி என்ற சொல் காதில் விழாமலா இருந்திருக்கும்? இருந்தும் அந்த அகராதி முதலிடம் கொடுப்பது குஜராத்துக்கு. அங்கே 'கோலி' என்று ஒரு சமூகம். மும்பையின் மீனவர் குடியிருப்புகளை இன்றும் கோலிவாடா என்கிறார்கள் அல்லவா, அந்தப் பெயர். மேற்குக் கரையில் போர்ச்சுகீசியர் அவர்களைச் சுமை வேலைக்கு வைத்தார்கள், சாதிப் பெயர் வேலையின் பெயராகி மற்ற துறைமுகங்களுக்கும் போனது என்பது அந்த வாதம். அதற்கு முன் 1855இல் சொல்திரட்டு வெளியிட்ட வில்சன், தமிழ்–கன்னடக் கூலிதான் மூலம் என்றார். ஹாப்ஸன்-ஜாப்ஸன் அதையும் மறைக்காமல் பதிகிறது. போதாததற்குத் துருக்கியில் அடிமையைக் குறிக்கும் 'குல்', திபெத்தில் வேலைக்காரனைக் குறிக்கும் 'கோல்' என்று இன்னும் இரண்டையும் கொண்டுவந்து நிறுத்துகிறது. துருக்கியில் கடவுளின் அடியாரையும் குல் என்பார்கள், சுல்தானின் படைவீரனும் குல். அது தனிக் குடும்பம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் தீர்ப்பைக் கேட்டால், இரண்டு ஓடைகள் சேர்ந்த இடம் இது. கோலி என்ற ஆளின் பெயரோடு மேற்கிலிருந்து வந்த மாலுமி, சோழமண்டலக் கரையில் இறங்கியதும் நாள் முழுக்க 'கூலி, கூலி' என்று கேட்கிறான். மூட்டையை இறக்கி வைத்தவர் கையை நீட்டிக் கேட்கிறார். இவன் அது அவருடைய பெயர் என்று எடுத்துக்கொள்கிறான். நடந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை, இது என் கற்பனைதான். ஆனால் விளைவு கண்முன் இருக்கிறது. கேட்டது கூலி, கிடைத்தது பெயர்.

அதன் பிறகு அது கப்பல் ஏறியது. சீனத்தில் அந்த ஒலிக்கு எழுத்துத் தேடியபோது 'கு', 'லி' என்ற இரண்டு எழுத்துகள் கிடைத்தன. முதலாவதற்குக் கசப்பு என்று பொருள், இரண்டாவதற்கு வலிமை. கசப்பான உழைப்பு. சீன எழுத்துக்கு ஒலியோடு பொருளும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் வெளியிலிருந்து வந்த சொல் உள்ளே பிறந்ததுபோல் ஆகிவிட்டது. இது சீனச் சொல்லேதான் என்று அடித்துச் சொல்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பிழையான வேர், ஆனால் கியூபாவின் கரும்புத் தோட்டத்துக்கு 1847 முதல் 1874 வரை கொண்டுபோகப்பட்ட லட்சத்துக்கும் மேற்பட்ட சீனர்களுக்கு அதைவிடப் பொருத்தமான எழுத்து வேறு கிடைத்திருக்காது. அமெரிக்காவில் 1862 என்ற ஒரே ஆண்டில் இந்தச் சொல் இரண்டு சட்டங்களில் ஏறியது. லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் அமெரிக்கக் கப்பல்கள் கூலி வியாபாரம் செய்வதைத் தடுத்தது. கலிபோர்னியாவின் சட்டமோ வெள்ளைத் தொழிலாளியைக் 'கூலி'களிடமிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிச் சீனர் தலைக்கு மாதம் இரண்டரை டாலர் வரி போட்டது. கூலி என்று பெயர் வைத்து, அவன் வாங்கிய கூலியிலும் கை வைத்தாயிற்று.

நம் ஆட்கள் கதை உங்களுக்குத் தெரியும், வேகமாகச் சொல்கிறேன். இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராகப் போகத் தொடங்கிய ஆண்டுகள்: மொரிஷியஸ் 1834, கயானா 1838, டிரினிடாட் 1845, பிஜி 1879. பிஜி மொழியில் 'கோலி' என்றால் நாய். அந்தத் தீவில் இறங்கியவர்களுக்கு வெள்ளைக்காரர் வைத்திருந்த பெயர் அவ்வூர்க்காரர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜமைக்காவில் 'கூலி பிளம்' என்று ஒரு பழம் விற்கிறார்கள். பெரிய ஆராய்ச்சி வேண்டாம், நம் இலந்தைப்பழம். சுமத்ராவில் டெலி புகையிலைத் தோட்டங்களுக்காக டச்சுக்காரர் 1880இல் போட்ட ஆணைக்குப் பெயரே கூலி ஆணை. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போனால் அது குற்றம், தண்டனை உண்டு. பெரும்பாலும் சீனர், பிறகு ஜாவாக்காரர், இடையில் நம்மவரும். அந்த வட்டாரத்து மேடான் நகரில் இன்றும் கம்போங் மெட்ராஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனைத் தொட்டது. அதில் வந்தவர்களில் பலர் தமிழர், தெலுங்கர். முனுசாமி, அப்பாசாமி, கோவிந்தசாமி. வெள்ளைக்காரர் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லோரையும் 'சாமி' என்றார்கள். ஆக, அங்கே இந்தியனுக்கு இரண்டு பெயர்: கூலி அல்லது சாமி. 1893இல் வந்து சேர்ந்த இளம் பாரிஸ்டர் காந்தி 'கூலி பாரிஸ்டர்' ஆனார், வணிகர்கள் 'கூலி வியாபாரி' ஆனார்கள். முஹர்ரம் பண்டிகையைக்கூட நேட்டால் வெள்ளையர் 'கூலி கிறிஸ்துமஸ்' என்றார்கள். சாமி என்று கூப்பிட்டால், சாமி என்றால் எஜமான் அல்லவா, நான் உங்கள் எஜமான் இல்லையே என்று சிலர் திருப்பிக் கேட்பார்களாம். காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கூலிக்கும் அப்படி ஒரு பதில் இருந்திருக்கலாம். கூலி என்றால் நீங்கள் எனக்குத் தர வேண்டிய பணம், அது எங்கே என்று. அந்தப் பதில் எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். பேச்சாக இல்லை, செயலாகக் கிடைத்தது. அதற்கு வருகிறேன்.

இலங்கை மலையகத் தோட்டத்துத் துரைமார்கள் தமிழ் கற்றுக்கொள்வதற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு பாடநூல் வந்தது. அதன் பெயர் 'கூலித் தமிழ்'. மொழிக்கே அந்தப் பெயர். மலையகத்துக்காரர்களிடம் பேசினால் இன்னொரு சொல் வரும்: 'பேர்'. விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போக வேண்டும், கங்காணி கணக்கெடுப்பார், செக்ரோல் பதிவேட்டில் விழும். முழு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து எடை குறைந்தால் 'அரைப்பேருதான் போட்டாங்க' என்பார்கள். பாதி நாள் கூலிதான் என்று அர்த்தம். கவனித்தீர்களா? அங்கே ஆளுக்குக் கூலி என்று பெயர், கூலிக்குப் பேர் என்று பெயர். இரண்டும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது அந்தப் பதில். 1941, மலாயா, கிள்ளான் வட்டாரம். போர் காரணமாக ரப்பர் விலை ஏறியிருந்தது. ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஆர். எச். நாதன் போன்றோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கைகளில் முக்கியமானது, சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு என்பது. இன்னொன்று, துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்பது. ஒரே தாளில் இரண்டும். கூலி என்று கூப்பிடப்பட்டவர்கள் கூலியைக் கேட்டார்கள், கூலியாக நடத்தாதே என்றும் கேட்டார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார்.

வெள்ளைக்காரன்தான் கெடுத்தான் என்று சொல்லி நான் இறங்கிவிடலாம், உங்களுக்கும் பிடிக்கும். ஆனால் 'கூலிக்கார நாய்' என்ற வசவு எந்தத் துரையும் கற்றுக்கொடுத்து வந்ததில்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு குடிசையில் எரிந்துபோன 44 பேருக்குப் பின்னால் இருந்ததும் நெல்லாக அளக்கும் கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்ட சண்டைதான். பர்னல் இருந்தாரே, அதே தஞ்சாவூர் ஜில்லா.

கடல் தாண்டிய கூலி பிறகு திரும்பியும் வந்தது. மொரிஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி 1992இல் 'கூலித்யூட்' என்று ஒரு சொல்லைச் செய்தார். வசவை எடுத்துக் கொடியாக்குகிற முயற்சி. பழிச்சொல்லை அணிந்துகொள்வதற்கு ஒரு தைரியம் வேண்டும், எல்லாரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது. டர்பனில் இன்றும் யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் விவகாரம் நீதிமன்றம் வரை போகக்கூடும். இங்கே நிலைமை வேறு. 1983இல் அமிதாப் பச்சன் சிவப்புச் சட்டையும் கைப்பட்டையுமாக 'கூலி' ஆனார், 2025இல் ரஜினிகாந்த் 'கூலி' ஆனார். தமிழ்ப் போஸ்டரில் ஒட்டுப் போடாமல், ஆளின் பெயராக, ஆங்கிலமும் இந்தியும் சுற்றி வந்த கூலி அது. நடுவில் 2016 ரயில்வே பட்ஜெட்டில், கூலி என்ற சொல் வேண்டாம், 'சஹாயக்' என்று அழைப்போம் என்றார் அமைச்சர் சுரேஷ் பிரபு. உதவியாளர் என்று பொருள். நல்ல எண்ணம்தான். உதவி என்று ஆகிவிட்டால் அதற்கு எவ்வளவு கொடுப்பது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் எழும்பூரில் இறங்கினேன். இரண்டு பெட்டி, அதில் ஒன்று முழுக்க இந்தச் சொற்பொழிவுக்காகத் தூக்கிக்கொண்டு போன அகராதிகள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. தூரத்தில் ஒரு சிவப்புச் சட்டை தெரிந்தது. டெல்லி ரயில் நிலையங்களில் கூப்பிட்ட பழக்கம் வாயில் ஒட்டியிருந்தது, 'கூலி!' என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். வாரக்கணக்காக இதையே படித்துக்கொண்டிருந்த ஆள்! அவர் நிதானமாக வந்தார். அறுபதை ஒட்டிய வயது, கையில் பித்தளை வில்லை.

"போர்ட்டர், சார். கூலி நீங்க குடுக்கப் போறது. எவ்வளவுன்னு இப்பவே பேசிக்குவோம்."

பெட்டியைத் தூக்கிப் பார்த்து, உள்ளே என்ன கல்லா என்றார். அகராதி என்றேன். இருநூறு கேட்டார். நூற்றைம்பது சொன்னேன். அவர் பெட்டியைக் கீழே வைத்தார். இருநூறுக்குப் பேசி முடித்தோம்.